மா, சீனி, எண்ணெய், பழம்: அவண் இல்லாத குசினிக்கு ஒரு இனிப்பு

கேக் அடிக்க வேண்டுமென்றால் முட்டை வேண்டும், பட்டர் வேண்டும், அவண் வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில் இருக்கிற வீடு எங்கள் ஒழுங்கையில் ஒன்றும் இல்லை. ஆனால் மாவும் சீனியும் தேங்காய் எண்ணெயும் இல்லாத வீடு குறைவு. வளவில் ஒரு வாழையோ மாமரமோ பப்பாசியோ நிற்காத வீடும் குறைவு. இந்த நான்கையும் கொண்டு செய்யக்கூடிய ஒரு பழ இனிப்பைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் அதற்குக் கிறம்பிள் என்று பெயர். உதிர்ந்து போவது என்று பொருள். அடியில் வெட்டிய பழம், அதன் மேலே கொழுப்பும் சீனியும் சேர்த்து உதிர்த்த மா. இரண்டையும் சேர்த்துச் சூட்டில் வைத்தால் கீழே பழம் குழைந்து பாகாகும், மேலே மா பொன்னிறமாகி மொறுமொறுக்கும். குழைக்கத் தேவையில்லை, உருட்டத் தேவையில்லை, பொங்கி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. முட்டை இல்லாதபடியால் வெள்ளிக்கிழமையிலும் செய்யலாம்.

சில வருடங்களாக எங்கள் ஊர்ப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கூடிச் சமைத்துப் பழகுகிறோம். பலர் குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற சொந்தங்கள் பிறந்தநாள் படம் அனுப்புகிறார்கள், அதைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். "அக்கா, அவண் இல்லாமல் என்னதான் செய்யலாம்?" என்று அந்தத் தாய்மார் என்னிடம் கேட்கிறார்கள். நான் முதலில் காட்டிக் கொடுப்பது இதைத்தான்.

பங்கீட்டுக் காலத்துப் பலகாரம்

கிறம்பிளை எடுத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இது இல்லாமையில் வளர்ந்த பலகாரம். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவில் 1940 ஜனவரி 8 ஆம் திகதி உணவுப் பங்கீடு தொடங்கியது. பன்றி இறைச்சி, பட்டர், சீனி ஆகிய மூன்றும்தான் முதலில் பங்கீட்டுக்குள் வந்தவை. எங்கள் கூப்பன் அட்டையைப் போல ஆளுக்கொரு புத்தகம். பட்டர் ஒருவருக்கு வாரத்துக்கு 2 அவுன்ஸ், அதாவது 57 கிராம் அளவில் நின்ற காலமும் இருந்தது. போர் 1945 இல் முடிந்தும் பங்கீடு முடியவில்லை. சீனி 1953 வரையிலும் இறைச்சி 1954 ஜூலை வரையிலும் கட்டுப்பாட்டில் இருந்தன.

அதற்கு முன்னர் அங்கே ஆப்பிள் கிடைத்தால் பை செய்வார்கள். பை என்றால் பழத்துக்கு அடியிலும் மேலும் மாப் போர்வை வேண்டும். அதற்கு நிறைய மாவும் கொழுப்பும் போகும். கிறம்பிளில் அடிப் போர்வை இல்லை. மேலே தூவுகிற மாவையும் ஓட்ஸ், பாண்தூள் என்று கையில் இருப்பதைச் சேர்த்துப் பெருக்கிக்கொள்ளலாம். அந்தப் பஞ்ச காலத்தில்தான் கிறம்பிள் வீடு வீடாகப் பரவியது என்று சமையல் வரலாறு எழுதுகிறவர்கள் பலர் சொல்கிறார்கள். இன்றைக்கு அங்கே உணவகங்களில் நல்ல விலைக்கு விற்கிறார்கள், அது வேறு கதை.

இனி எங்கள் கதை. இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்தவர்களுக்கு நிவாரணப் பொதி நினைவிருக்கும். அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். அந்த ஐந்தில் மூன்று கிறம்பிளுக்கு வேண்டிய மூன்றேதான். ஆனால் அப்போது எங்களிடம் அந்த மா ரொட்டியாகத்தான் வந்தது. காலையில் ரொட்டி, இரவிலும் ரொட்டி. தேங்காய்ப்பூ இல்லாத, சம்பல் இல்லாத, வெறும் உப்பும் தண்ணீரும் போட்ட ரொட்டி. மாவைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறவர்கள் அந்தத் தலைமுறையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். என் அம்மாவும் அப்படித்தான். 2009 க்குப் பிறகு கோதுமை மா ரொட்டியை அவர் வாயில் வைத்ததில்லை. இந்தப் பலகாரத்தில் அவருக்கு என்ன செய்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அளவும் அதன் காரணமும்

நிறுவையில் மா இரண்டு பங்கு, கொழுப்பு ஒரு பங்கு, சீனி ஒரு பங்கு. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஐந்தாறு பேருக்கு மா 200 கிராம், மாஜரின் 100 கிராம், சீனி 100 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. பழம் தோலும் கொட்டையும் போக முக்கால் கிலோ. தராசு இல்லாதவர்கள் 250 மில்லிலீற்றர் பிடிக்கிற கோப்பையால் ஒன்றரைக் கோப்பை மா, அரைக் கோப்பை சீனி, அரைக் கோப்பைக்குச் சற்றுக் குறைவாக மாஜரின் என்று எடுக்கலாம். கொஞ்சம் கூடிக் குறைந்தாலும் கெட்டுப்போகாது. கேக்கைப் போல இது கோபக்காரப் பலகாரம் அல்ல.

மாவையும் உப்பையும் அரித்து எடுங்கள். அதற்குள் மாஜரினைச் சிறு துண்டுகளாகப் போட்டு விரல் நுனிகளால் தேய்த்து உதிருங்கள். பிட்டுக்கு மாக் கொத்துகிற கைக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. வித்தியாசம் என்னவென்றால் இங்கே தண்ணீர் ஒரு துளியும் சேரக்கூடாது. கோதுமை மாவில் தண்ணீர் பட்டுப் பிசைந்தால் அது இழுபடும். ரொட்டிக்கு அந்த இழுவை வேண்டும், இதற்கு வேண்டாம். மாவின் துகள்களைக் கொழுப்பு சுற்றி மூடிவிட்டால் இழுவை வராது. உதிரியாக நிற்கும், வெந்ததும் மொறுமொறுக்கும். உள்ளங்கையால் பிசைந்தால் கைச்சூட்டில் மாஜரின் உருகி மா பசையாகிவிடும். எங்கள் வெயிலில் அது இன்னும் கெதியாக நடக்கும் என்பதால் விடியவோ பொழுதுபட்ட பிறகோ செய்வது நல்லது. கடைசியில் சீனியைச் சேருங்கள்.

மாஜரின் வாங்க வசதியில்லையென்றால் தேங்காய் எண்ணெய். மாஜரினில் தண்ணீரும் கலந்திருக்கும், எண்ணெய் முழுவதும் கொழுப்பு. ஆகவே குறைத்து ஆறு மேசைக்கரண்டி போதும். தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். மார்கழி, தை விடியற்காலைகளில் போத்தலுக்குள் உறைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் எடுத்துச் செய்தால் பட்டரைப் போலவே உதிரும். மற்றக் காலத்தில் எண்ணெயாக ஊற்றி முள்ளுக்கரண்டியால் கிளறினால் மணல்மணலாக வரும். அதுவும் நல்லதுதான், வாசமும் எங்களுடைய வாசம்.

முள்ளுக்கரண்டி என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களோடு சமைக்கிறவர்களில் ஒரு கையைச் செல்லடியில் இழந்த தங்கச்சி ஒருவர் இருக்கிறார். மாவை உருட்டித் தேய்க்கிற பலகாரம் எதுவும் அவருக்குச் சிரமம். சட்டிக்கு அடியில் ஈரத்துணியை மடித்து வைத்தால் சட்டி வழுக்காது. ஒரு கையால் முள்ளுக்கரண்டியைப் பிடித்துக் கிளறிக்கொண்டே போகலாம். ஏனைய இனிப்புகளை அவர் எங்களோடு சேர்ந்துதான் செய்கிறார், இதை மட்டும் தனியே தொடக்கம் முதல் முடிவு வரை தானே செய்து முடிக்கிறார். ஒரு கையில் பலம் குறைந்தவர்கள் வீட்டில் இருந்தால் இந்த ஈரத்துணி விசயத்தை மறக்காதீர்கள்.

சீனிக்குப் பதில் பனங்கட்டி போடலாம். குட்டானை உடைத்துக் கத்தியால் சீவித் தூளாக்கினால் சரி. நிறம் கறுக்கும், வாசம் தூக்கும். ஆனால் சீனியைவிட முந்திக் கருகும், நெருப்பைக் குறைத்தே வைக்க வேண்டும். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேநீர் குடித்தவர்களுக்கு அதன் அருமையை நான் சொல்லத் தேவையில்லை.

எந்தப் பழம்?

மாம்பழக் காலத்தில் எங்கள் வளவுகளில் பழுதாகிற பழத்துக்குக் கணக்கில்லை. ஆனால் கறுத்தக்கொழும்பானைத் தயவுசெய்து அடுப்பில் வைக்காதீர்கள். அது அப்படியே சாப்பிடுவதற்குப் பிறந்த பழம். கிறம்பிளுக்கு ஏற்றது சோளகக் காற்றுக்கு விழுகிற செங்காய். பாதி புளிப்பு, பாதி இனிப்பு. வெந்தாலும் துண்டு துண்டாக நிற்கும். தோல் சீவி, விரல் நுனி அளவுத் துண்டுகளாக வெட்டி, வாயில் ஒன்றைப் போட்டுப் பார்த்து, புளிப்புக்கு ஏற்ற மாதிரி இரண்டு முதல் நான்கு மேசைக்கரண்டி சீனி சேருங்கள். ஒரு மேசைக்கரண்டி மாவையும் பிரட்டிவிடுங்கள். பழம் விடுகிற தண்ணீரை அந்த மா குடித்துப் பாகாக்கும். இல்லாவிட்டால் அடியில் ரசம் நிற்கும்.

வாழைப்பழம் வருடம் முழுவதும் கிடைக்கிறது. இதரை நல்லது, கதலியும் சரி. தோலில் கறுப்புப் புள்ளி விழுந்து, பிள்ளைகள் தொடமாட்டோம் என்று ஒதுக்கிற பழம்தான் இதற்குத் திறம். மொந்தன் வேண்டாம், அது கறிக்கு. வாழைப்பழம் தானாகத் தண்ணீர் விடாது. ஆகவே மாவைப் பிரட்டாமல், அதற்குப் பதிலாக மூன்று நான்கு மேசைக்கரண்டி தண்ணீரும் அரைத் தேசிக்காயின் புளியும் விடுங்கள். புளி விட்டால் பழம் கறுப்பது குறையும், தித்திப்பும் திகட்டாது. சீனி சேர்க்கவே தேவையில்லை. கொஞ்சம் கறுவாத்தூள் போட்டால் போதும்.

அன்னாசியில் தண்ணீர் அதிகம். நடுத்தண்டை நீக்கிச் சிறிதாக வெட்டி, சீனியோடு பத்து நிமிடம் தனியே வேகவைத்து வற்றிய பிறகே மாவைத் தூவ வேண்டும். பப்பாசிக்குப் புளிப்பே இல்லாததால் ஒரு முழுத் தேசிக்காயும் துருவிய இஞ்சியும் கேட்கும். கொய்யா விதையால் சிரமம், நான் அதை விட்டுவிட்டேன். பனம்பழத்திலும் செய்து பார்த்தோம். வாசம் வீடெல்லாம் நிறைந்தது, ஆனால் மேல் மா ஊறிப்போயிற்று. அந்தக் களிக்குப் பணியாரம்தான் பொருத்தம். பழத்தையும் மாவையும் சீனியையும் சேர்த்து இனிப்பாக்குகிற வித்தையை எங்கள் பாட்டிமார் பனங்காய்ப் பணியாரத்தில் எப்போதோ செய்து முடித்துவிட்டார்கள்.

வளவில் ஒன்றும் இல்லாத காலமும் வரும். அப்போது பேரீச்சம்பழத்தையும் முந்திரிகை வற்றலையும் அரை மணித்தியாலம் சுடுதண்ணீரில் ஊறவைத்து, இரண்டு வாழைப்பழத்தோடு கலந்து செய்யலாம்.

அவண் இல்லாமல் மூன்று வழி

அவண் இருக்கிறவர்களுக்கு ஒரு வரி போதும்: 180 பாகை செல்சியஸில் 35 முதல் 40 நிமிடம், ஓரங்களில் பாகு கொதித்து மேலே வரும்வரை. இனி மற்றவர்களுக்கு.

முதலாவது மணல் சட்டி. திருவிழாவில் கச்சான் வறுக்கிறவர் ஏன் தாச்சியில் மணலைப் போடுகிறார்? மணல் சூட்டைப் பிடித்து வைத்து எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிக் கொடுக்கிறது. கச்சான் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் பச்சையாக இருக்காது. அதே தத்துவம்தான். அடி தடித்த பெரிய சட்டியில் கழுவிக் காயவைத்து அரித்த மணலை ஓர் அங்குலத்துக்குப் பரப்புங்கள். கல்லுப்பும் போடலாம். அதன் மேல் ஒரு சிறு வளையமோ ரின் மூடியோ வைத்து, மூடியைப் போட்டு மிதமான நெருப்பில் 15 நிமிடம் சூடாக்குங்கள். பிறகு பழமும் மாவும் போட்ட தட்டை வளையத்தின் மேல் வைத்து, இறுக மூடி, நெருப்பைக் குறைத்து 45 முதல் 50 நிமிடம். இடையில் திறக்காதீர்கள். மூடியில் நீராவி படிந்து சொட்டினால் மா நனையும். மூடியின் உட்புறம் ஒரு துணியை இழுத்துக் கட்டி, நுனிகளை மேலே முடிந்துவிடுங்கள். துணியின் ஓரம் நெருப்புப் பக்கம் தொங்கக்கூடாது. ஒட்டாத பூச்சுப் பூசிய சட்டியை வெறுமனே சூடாக்கி இதற்குப் பாவிக்க வேண்டாம், பூச்சு கெட்டுவிடும். இந்த முறையில் நன்றாக வேகும், ஆனால் மேல்மா அவ்வளவு சிவக்காது.

சிவக்க வேண்டுமென்றால் இரண்டாவது வழி, மேலும் கீழும் நெருப்பு. மின்சாரமே இல்லாத காலத்தில் யாழ்ப்பாணத்தில் பலர் கேக் சுட்டது இப்படித்தான். சிரட்டைக்கரியைக் கனல விட்டு, சட்டிக்கு அடியில் ஒரு பங்கும், சட்டியை மூடிய தட்டையான தகரத்தின் மேல் இரண்டு பங்கும் பரப்புங்கள். மேலே ஏன் கூட வேண்டும்? சூடு இயல்பாக மேலே ஏறும். கீழேயுள்ள நெருப்பு சுலபமாகச் சட்டிக்குள் போய்விடும், மேலேயுள்ளதில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். 30 நிமிடத்தில் ஒருமுறை தகரத்தைச் சாய்க்காமல் தூக்கிப் பாருங்கள். மேல்மா சுட்ட மண் நிறத்துக்கு வந்திருந்தால் சரி. இதை முற்றத்தில் செய்யுங்கள். கரி நெருப்பைக் கதவு யன்னல் சாத்திய அறைக்குள் வைத்தால் மணமில்லாத நச்சுப் புகை சேர்ந்து ஆளைக் கொன்றுவிடும். மழையென்றாலும் உள்ளே கொண்டுபோகக் கூடாது.

மூன்றாவது வழிதான் எங்கள் பெண்களுக்குப் பிடித்தது. காரணம் காஸ். 2021 ஒக்டோபருக்கு முன்னர் 1,493 ரூபா விற்ற 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவுக்குப் போனது. அந்த விலைக்கும் வரிசையில் நின்றோம். ஒரு மணித்தியாலம் அடுப்பை எரியவிட்டு இனிப்புச் செய்ய அன்றைக்கு யாருக்கும் மனம் வரவில்லை, இன்றைக்கும் யோசிக்கத்தான் வேண்டும். ஆகவே பழத்தையும் மாவையும் தனித்தனியே சமைத்தோம்.

பழத்தைச் சீனியோடும் தேசிப்புளியோடும் ஒரு சட்டியில் பத்து நிமிடம் மூடி வேகவிடுங்கள். பாகு கெட்டியானதும் இறக்கி, தட்டில் பரப்புங்கள். பிறகு தாச்சியில், சீனி சேர்க்காத, கொழுப்பு மட்டும் தேய்த்த மாவைப் போட்டு மெல்லிய நெருப்பில் கை விடாமல் வறுங்கள். பிட்டு மா வறுக்கிற அதே கைப்பக்குவம். முதலில் கட்டி பிடிக்கும், அகப்பையால் உடைத்துக்கொண்டே இருங்கள். பச்சை வாசம் போய், பிஸ்கற் வாசம் வரும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் பொன்னிறமாகும். அடுப்பை நிறுத்திய பிறகு சீனியைப் போட்டுக் கிளறுங்கள். முன்னமே போட்டால் சீனி உருகி அடியில் பிடித்துக் கருகும். ஆறும்போதுதான் மொறுமொறுப்பு வரும், சுடச்சுட வாயில் போட்டுவிட்டு மெதுவாக இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள். சாப்பிடுகிற நேரத்தில் பழத்தின் மேல் தூவிக் கொடுங்கள். மொத்தம் இருபத்தைந்து நிமிட நெருப்புக்கு மேல் போகாது. இதை லண்டன்காரர் கிறம்பிள் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் போகட்டும்.

எந்த வழியானாலும் மா நன்றாக வேகவேண்டும். பச்சைக் கோதுமை மாவில் வயிற்றைக் கெடுக்கும் கிருமி இருக்கக்கூடும். பிள்ளைகள் சட்டியை வழித்து நக்க வருவார்கள், விடாதீர்கள்.

இனி அம்மாவுக்குச் செய்தது. கோதுமை மாவை முழுவதும் எடுத்துவிட்டு, வறுத்த சிவப்பு அரிசி மா ஒரு கோப்பையும், தாச்சியில் சிவக்க வறுத்த தேங்காய்ப்பூ அரைக் கோப்பையும், ஒன்றிரண்டாக இடித்த கச்சான் ஒரு கைப்பிடியும் எடுத்தேன். நான்கு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய், பனங்கட்டித் தூள் அரைக் கோப்பை. கீழே இதரை வாழைப்பழம். அரிசி மாவில் இழுவை கிடையாது என்பதால் எவ்வளவு கிளறினாலும் உதிரியாகவே நிற்கும். ஆனால் வறுக்காத மாவைப் போட்டால் வாயில் மண்போல் கரகரக்கும். மூன்றாவது முறையில் செய்து கொடுத்தேன். "என்ன மா?" என்று முதலில் கேட்டார். அரிசி மா என்றதும் சாப்பிட்டார். இனிப்புக் கூடிப்போச்சு என்றார். சலரோகம் உள்ளவர் என்பதால் அடுத்த முறை பனங்கட்டியைப் பாதியாக்கினேன். வாழைப்பழத்தின் இனிப்பே காணும். சலரோகக்காரருக்கு எப்படியும் சின்னக் கிண்ணம்தான்.

இதோடு கஸ்ரட் ஊற்றிச் சாப்பிடுவது அங்கத்தைய வழக்கம். பேர்மிங்காமைச் சேர்ந்த அல்பிரட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரர் 1837 இல், முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக முட்டையில்லாமல் செய்ததுதான் கஸ்ரட் பவுடர். ஒரு சிறு பைக்கற் வாங்கினால் பல தடவைக்கு வரும். பால்மா விலைக்கு அது கட்டாதென்றால் கெட்டித் தேங்காய்ப்பாலில் கொஞ்சம் சீனியும் உப்பும் போட்டு, கொதிக்கவிடாமல் சூடாக்கி ஊற்றுங்கள். மாம்பழத்துக்கு அதுதான் கூடப் பொருத்தம்.

வறுத்த மாவை நன்றாக ஆறவிட்டுக் காற்றுப் புகாத பேணியில் அடைத்தால் ஒரு கிழமைக்கு மொறுமொறுப்புக் குறையாது. தேங்காய்ப்பூ சேர்த்ததை மூன்று நாளுக்கு மேல் வைக்க வேண்டாம், காறல் வாசம் வரும். சமைத்த பழத்தை அன்றன்றே முடித்துவிடுங்கள். பேணியில் மா இருந்தால் பள்ளிக்கூடத்தால் வருகிற பிள்ளைக்குப் பத்து நிமிடத்தில் இரண்டு வாழைப்பழத்தை வதக்கி மேலே தூவிக் கொடுக்கலாம்.